ரோலர் கோஸ்டரில் என் இடது கை

ரிஷிகேஷுக்கு மேலே, ஷிவ்புரி மணல்கரையில் ராஃப்ட் என்ற ரப்பர் படகில் ஏறுவதற்கு முன் எங்கள் கைடு எல்லோருடைய போன்களையும் வாங்கித் தண்ணீர் புகாத பை ஒன்றில் போட்டார். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார். ஒருவரிடம் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். அப்புறம் என் இடது மணிக்கட்டைப் பார்த்து, "ஸார், கடி?" என்றார். இந்தியில் கடிகாரம்.

"வாட்டர்ப்ரூஃப். 300 மீட்டர்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அடுத்த ஆளிடம் போய்விட்டார். பத்து ராஃப்ட்டுகள் ஒரே நேரத்தில் கிளம்பும் கரையில் வாதாட அவருக்கு நேரம் ஏது?

அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி இல்லை. அது எனக்குப் புரிய அரை மணி நேரம் ஆயிற்று.

கடிகாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிராண்டின் பெயர் வேண்டாம். சொன்னால் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே ஓடிவிடும். சுவிட்சர்லாந்தில் செய்தது, ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே முறுக்கேறி ஓடும்), கடலில் முக்குளிப்பவர்களுக்காக வடிவமைத்த வகை. ஆறு வருடம் சேர்த்து, நாற்பது வயதில் வாங்கினேன். மூணே முக்கால் லட்சம். எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்காக அவ்வளவு செலவு செய்தது அதற்கு முன் ஸ்கூட்டர், அதற்கும் முன் போர்வெல். வாங்கிய அன்றே ஒன்று முடிவு செய்திருந்தேன்: இதை பீரோவில் பூட்டி வைக்கப் போவதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் பட்டுப்புடவை போல ஒரு கடிகாரம் எனக்கு வேண்டாம். மழையில் கட்டுவேன், பைக்கில் கட்டுவேன், கோடு விழுந்தால் விழட்டும். இன்றைக்கும் அந்த எண்ணம் சரி என்றே நினைக்கிறேன்.

நான் இருப்பது ஓசூர். டைட்டன் தொழிற்சாலை 1980களில் இங்கே வந்தது. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் கடிகாரத் தொழிலில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2002-இல் வெளிவந்த டைட்டன் எட்ஜைப் பற்றிப் பேசினால் அவர்கள் முகம் மலரும். உள்ளே இருக்கும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர், முழுக் கடிகாரமே 3.5 மில்லிமீட்டர். அந்த மெல்லிய உடம்புக்குள் தண்ணீர் போகாமல் அடைத்ததுதான் பெரிய காரியம் என்பார்கள். அவர்களில் ஒருவர், எனக்கு அண்ணன் முறையில் பழகுபவர், ராஃப்டிங் போகிறேன் என்றதும் என் கடிகாரத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, தண்ணி உள்ள போறது ஆழத்துனால இல்ல. வாஷர் காஞ்சு போனதுனால" என்றார்.

இதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். டயலில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. அந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தை, அசையாமல், புதிதாக இருக்கும்போது சோதனையில் தாங்கும் என்றுதான் அர்த்தம். சரி. இதைக் கேட்டவர்கள் நேர் எதிர்த் திசைக்குப் போய், கையை வேகமாக வீசினாலே அழுத்தம் பல மடங்காகி 30 மீட்டர் கடிகாரத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வரவில்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் ஒரு பரப்பில் மோதினால் கூடும் அழுத்தம் ஏறத்தாழ 0.125 பார். ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் நிற்பது போல. வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் அரை பார்தான். ராஃப்டிங் ஆற்றின் அலை கடிகாரத்தின் மேல் போடும் அழுத்தம் நாம் பயப்படும் அளவுக்கு இல்லவே இல்லை.

ஆபத்து வேறு இடத்தில். நேரம் வைக்கத் திருகும் சாவியடியிலும், பின்மூடியைச் சுற்றியும், கண்ணாடியின் கீழும் இருக்கும் ரப்பர் வளையங்கள், அதாவது அண்ணன் சொன்ன வாஷர்கள், வருடங்கள் போகப்போக இறுகி, நெகிழ்ச்சி இழந்து, சிறு இடைவெளி விடும். வியர்வையும் சோப்பும் அதை வேகப்படுத்தும். அதோடு வெயில். மலையாற்றின் கரையில் பகல் வெயிலில் எஃகு நன்றாகச் சூடேறும். அதே கையை உருகிய பனி கலந்த கங்கையில் விடுகிறோம். உள்ளே அடைபட்ட காற்று 45 டிகிரியிலிருந்து 15-க்கு இறங்கினால் அதன் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். வாஷர் நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. காய்ந்த வாஷர் என்றால் வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சாயங்காலம் கண்ணாடியின் உட்புறம் பனி பிடித்தது போல மங்கும். அப்படி மங்கினால் அரிசி டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பிரித்துப் பார்க்கக் கொடுங்கள். உள்ளே துரு பிடிக்க அதிக நாள் தேவையில்லை.

அண்ணன் சாவியைத் திருகி மூடிப் பார்த்தார். "முறுக்கு நல்லா இருக்கு. தண்ணிக்குப் பயப்படாதீங்க" என்றார். அப்புறம், செயினைக் கழற்றிவிட்டு நைலான் பட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒரே நீளத் துண்டாக, கடிகாரத்தின் அடியில் நுழைந்து, பட்டையைக் கடிகாரத்தோடு பிணைக்கும் இரண்டு பக்க ஊசிகளுக்கும் உள்ளே ஓடும் பட்டை. பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1973-இல் வகுத்த மாதிரி அது. இன்று நேட்டோ பட்டை என்ற பெயரில் எங்கும் கிடைக்கிறது. ஒரு ஊசி தெறித்தாலும் இன்னொரு ஊசி கடிகாரத்தைப் பட்டையில் பிடித்து வைத்திருக்கும். செயினில் ஒரு ஊசி போனால் கதை முடிந்தது, கங்கையிடம் திருப்பிக் கேட்க முடியாது. முக்குளிப்பவர்களின் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற தரத்தில் அந்த ஊசிகளை 200 நியூட்டன் விசையில், அதாவது இருபது கிலோ தொங்கவிட்டது போல, இழுத்துப் பார்க்கும் சோதனையே இருக்கிறது. புது ஊசிகளுக்கு அது சரி. வருடக்கணக்கில் வியர்வை குடித்த ஊசிகளுக்கு யார் உத்தரவாதம்?

நான் பட்டை மாற்றவில்லை. அந்தக் கடிகாரத்துக்குச் செயின்தான் அழகு. மலை, பச்சைத் தண்ணீர், எஃகுச் செயின் என்று படம் எடுக்க ஆசைப்பட்டேன். எடுக்கவும் செய்தேன்.

நாங்கள் நான்கு பேர். கல்லூரி நண்பர்கள், இருபது வருடப் பழக்கம். மற்ற இடங்களில் டெல்லியிலிருந்து வந்த மூன்று பேர். மார்ச் மாதம். ஷிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை பதினாறு கிலோமீட்டர் தண்ணீர்ப் பயணம். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடிக் கங்கையாகி, அங்கிருந்து மலைகளை அறுத்துக்கொண்டு இறங்கும் வழி இது. மழைக்காலத்தில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். மார்ச்சில் ஆறு தெளிந்த பச்சை. குனிந்தால் கூழாங்கல் தெரியும். கரை மணலில் அபிரகம் மினுங்கும். ரேபிட் எனப்படும் வேகச் சுழிப்புகளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். ரிட்டர்ன் டு செண்டர் (Sender), ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், டபுள் டிரபிள். கங்கையில் இந்தப் பெயர்களைக் கேட்க முதலில் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆற்றில் வேலை செய்பவர்களுக்கு எந்த இடம் என்று உடனே புரிய ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

கரையில் கைடு சொல்லிக்கொடுத்ததில் அதிகம் அழுத்திச் சொன்னது துடுப்பின் மேல்முனையைப் பற்றி. டி வடிவப் பிடி ஒன்று இருக்கும். அந்தப் பிடியிலிருந்து கையை எடுக்கவே கூடாது. விட்டால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லில் போய் அடிக்கும். ராஃப்ட்டில் ஆறு காயப்படுத்துவதைவிட நாம் ஒருவரை ஒருவர் காயப்படுத்துவது சுலபம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

நான் இடது பக்கம், இரண்டாவது வரிசை. இடது பக்கம் உட்கார்ந்தால் வலது கை மேல்பிடியில், இடது கை துடுப்பின் தண்டில், தண்ணீருக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தள்ளலுக்கும் என் கடிகாரம் கங்கைக்குள் போய்ப் போய் வந்தது. முதல் கால் மணி நேரம் எனக்கு அது பேரானந்தம். நொடிமுள் சீராக ஓடுவதைத் தண்ணீருக்குள்ளேயே பார்த்தேன். இதற்காகத்தானே செய்திருக்கிறார்கள் என்று மனசு நிறைந்தது.

ரோலர் கோஸ்டர் வந்தது. பேருக்கு ஏற்றபடி அடுத்தடுத்து எழும் அலைகள். மூன்றாவது அலையில் ராஃப்ட் மூக்கை வானத்துக்குத் தூக்கி இறங்கியபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நண்பன் இடத்தில் இல்லை.

இரண்டு அலை தள்ளித் தலை தெரிந்தது. சொல்லிக்கொடுத்தபடியே மல்லாந்து, கால்களை ஆற்றின் போக்கில் நீட்டி மிதந்தான். கைடு பின்னாலிருந்து ராஃப்ட்டைத் திருப்பி அவனை என் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். "புல்! புல்!" என்று கத்தினார். இழுக்கும் முறை எளிது: ராஃப்ட்டின் விளிம்பில் முழங்காலை அண்டக் கொடுத்து, விழுந்தவரின் லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள்வார்களையும் இரண்டு கையாலும் பிடித்து, அப்படியே பின்பக்கமாக விழ வேண்டும். நம் எடை அவரை உள்ளே இழுத்துவிடும்.

நான் ஒரு கையை நீட்டினேன். வலது கையை.

ராஃப்ட்டைச் சுற்றி வெளிப்புறத்தில் ஒரு கயிறு ஓடும். இடது கையை நீட்டும் வழியில் அந்தக் கயிறு. சற்றுமுன் துடுப்புப் போடும்போது செயினின் பூட்டு அதில் ஒரு தடவை மாட்டி இழுத்திருந்தது. அது எனக்கு நினைவு வந்தது. கை தானாகப் பின்வாங்கியது. எவ்வளவு நேரம் என்று கேட்டால், இரண்டு நொடி இருக்கலாம். ஒற்றைக் கையில் எழுபத்தைந்து கிலோ மனிதன், நனைந்த துணி, ஓடும் ஆறு. அவன் முகம் ஒரு முறை தண்ணீருக்குள் போய் வந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் இரண்டு கையாலும் பிடித்தேன். அவசரத்தில், இருக்கிற பலமெல்லாம் சேர்த்து இழுத்தேன். அவன் என் மேல் வந்து விழுந்தான். விழும்போது என் இடது மணிக்கட்டு அவன் முகத்துக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் சிக்கியது. டயலைச் சுற்றியுள்ள பல்வைத்த வளையம் ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே அவன் புருவத்தைக் கிழித்தது.

நனைந்த முகத்தில் ரத்தம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கைடு ராஃப்ட்டைக் கரையோர அமைதியான தண்ணீருக்கு ஒதுக்கி, முதலுதவிப் பையிலிருந்து துணி எடுத்து அழுத்திப் பிடித்தார். அவர் கையில் கறுப்புப் பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச் ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் மழுங்கி, ரப்பர் பட்டையோடு மணிக்கட்டில் ஒட்டிக் கிடந்தது. அதுவரை அதை நான் கவனிக்கவே இல்லை. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னும் ரேபிட் இருக்கு, கையில துணி சுத்திக்கங்க ஸார்" என்று இந்தியில் சொல்லி ஒரு துண்டுத் துணியை நீட்டினார், அவ்வளவுதான். நான் கடிகாரத்தைக் கழற்றி போன் பையில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

நீம் பீச்சில் கரையேறி, ஊருக்குள் மருத்துவரைப் பார்த்தோம். மூன்று தையல், டெட்டனஸ் ஊசி. கண்ணுக்கு ஒரு விரல் மேலே.

ராத்திரி அறையில் கடிகாரத்தைக் குழாயில் கழுவினேன். ஆற்று மணலின் பொடி வளையத்துக்கு அடியிலும் செயின் கண்ணிகளிலும் ஏறியிருந்தது. அந்த மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது, எஃகைவிடக் கடினம். கழுவாமல் துடைத்தால் கோடு விழும். கண்ணாடி சஃபயர் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவன் கேட்டான்:

"மாப்ள, வாட்ச்சுக்கு ஒண்ணும் ஆகலையேடா?"

அக்கறையாகத்தான் கேட்டான். ஆறு வருடம் நான் சேர்த்தது அவனுக்குத் தெரியும். கடைக்குக் கூட வந்தவன் அவன். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கடிகாரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றைய நாள் முழுக்க நொடி பிசகாமல் ஓடியிருந்தது.

ஊருக்கு வந்தபின் 1927-இல் நடந்த ஒன்றை மறுபடி படித்தேன். முன்பே தெரிந்த கதைதான். மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் அந்த ஆண்டு அக்டோபரில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். உடனே இன்னொருத்தி தானும் கடந்ததாகப் பொய் சொல்லப்போக, கிளைட்ஸின் நீச்சலையும் சந்தேகித்தார்கள். நிரூபிக்க அதே மாதம் மறுபடி இறங்கினார். அந்த நீச்சலில்தான் ரோலெக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், முந்தைய ஆண்டு வந்திருந்த தம் ஆய்ஸ்டர் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். மணிக்கட்டில் கட்டவில்லை, கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தண்ணீரின் குளிர் தாங்க முடியாத அளவு. பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்திய பின், நினைவு தடுமாறும் நிலையில் அவரைப் படகில் தூக்கிப் போட்டார்கள். கால்வாயைக் கடக்க முடியவில்லை. கடிகாரம் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே டெய்லி மெயிலின் முதல் பக்கத்தில் ரோலெக்ஸின் விளம்பரம்.

கடிகாரப் பிரியர்கள் எல்லோரும் சொல்லி மகிழும் கதை இது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது அந்தப் பெண்ணைப் படகில் தூக்கிய கைகளைத்தான் நினைக்கிறேன். எத்தனை கை, யாருடையவை என்றெல்லாம்.

தண்டேலியின் காளி ஆற்றுக்கோ ரிஷிகேஷுக்கோ போகும் நண்பர்கள் என்னிடம் இன்னும் கேட்கிறார்கள், இந்த வாட்ச் தாங்குமா என்று. முதலில் சாவியையும் வாஷரையும் பற்றிச் சொல்கிறேன். சாவி திருகி மூடும் வகையா, 100 மீட்டராவது போட்டிருக்கிறதா, வாஷர் மாற்றி எத்தனை வருடம், அழுத்தச் சோதனை செய்தார்களா. தோல் வார் என்றால் வேண்டவே வேண்டாம், ஊறிக் கிழியும். விசேஷங்களுக்குக் கட்டும் மெல்லிய கடிகாரம் என்றால் அதன் கண்ணாடியை ஒரு துடுப்புத் தண்டு போதும் உடைக்க. அதிர்ச்சி தாங்கும் என்று போட்டிருப்பதும் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழுவதைத் தாங்கும் என்ற அளவுக்குத்தான். பாறைக்கும் ராஃப்ட்டுக்கும் நடுவில் கை மாட்டினால் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவரிடம் ஒன்று கேட்கிறேன். ராஃப்ட்டில் உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? அவர் தண்ணீரில் விழுந்தால் அந்தக் கையை யோசிக்காமல் நீட்டுவாயா? சிலர் உண்மையாகவே நீட்டுவார்கள். காசு அவர்களுக்குப் பெரிதில்லை, அல்லது மனசு அப்படி. என் மனசு அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு நொடியை நான் அவனிடம் சொல்லவே மூன்று மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் அவன் வீட்டு மாடியில் சொன்னேன். "தெரியும்டா" என்றான். பார்த்துக்கொண்டுதானே மிதந்தான். அப்புறம் காபி குடித்தோம்.

அடுத்த வருடமும் அதே நான்கு பேர் போனோம். அவனே டிக்கெட் போட்டான். இந்த முறை வேறு கைடு. போன்களை வாங்கினார், மோதிரங்களைப் பார்த்தார், என் மணிக்கட்டில் வெளுத்த தடத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் என்னைத் தாண்டிப் போனார். ரோலர் கோஸ்டரில் யாரும் விழவில்லை. கோல்ஃப் கோர்ஸில் நான் விழுந்தேன். அவன்தான் இழுத்தான், இரண்டு கையாலும்.

ஓசூர் திரும்பியபோது மேஜை மேலிருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது. ஆட்டோமேட்டிக் கடிகாரம், கையில் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். சாவியைத் திறந்து முப்பது சுற்று கொடுத்து, தேதி மாற்றி, நேரம் வைத்து, மறுபடி திருகி மூடினேன். திங்கட்கிழமை வேலைக்குக் கட்டிக்கொண்டு போனேன். மழை பெய்தது.